வளர்த்தி

நெய்வேலி
10 ஜனவரி 2024

அன்புள்ள புவனா,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. எல்லோரும் இருக்கிறோம். போனில் சொல்ல முடியாத விஷயம், அதனால் எழுதுகிறேன். இந்த குவார்ட்டர்ஸில் எந்த மூலையில் நின்று பேசினாலும் மணிமொழி காதில் விழுந்துவிடும். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன் பாதி நேரம் அவள் கையில்தான் இருக்கிறது.

மணிமொழியின் கால் வளர்கிறது.

படித்துவிட்டு உடனே இல்லை என்று சொல்லாதே. முழுவதும் படி. கொஞ்ச நாளாகவே பள்ளியிலிருந்து வந்ததும் செயற்கைக் காலைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறாள். முனை வலிக்கிறது என்கிறாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது தொட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே வெட்டி மூடிய இடத்தில், தோலுக்கு அடியில் கூராக ஒன்று இருக்கிறது. எலும்பு. முன்பு அது அங்கே இல்லை. விபத்து நடந்த நாளிலிருந்து அந்த இடத்தைக் கழுவித் துடைப்பவள் நான். என் கைக்குத் தெரியாதா?

அன்று குள்ளஞ்சாவடி முக்கில் வண்டியை ஓட்டியவர் உன் அத்தான். லாரி உரசியதில் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கால் போயிற்று, அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் மேல் தப்பில்லை என்று போலீஸும் சொன்னது, பார்த்தவர்களும் சொன்னார்கள். நானும் வாயால் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் வண்டியில் நான் ஏறியதில்லை. இந்தச் செய்தியையும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

தீபாவளிக்கு வந்திருந்தபோது உங்கள் லேபில் எடுத்த வீடியோவைக் காட்டினாயே, வெட்டிய கால் திரும்ப முளைத்து ஒரு தவளை நீந்துகிறதே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு விரல் நுனி துண்டானால் சில சமயம் தானாகவே முளைக்கும் என்று நீதான் சொன்னாய். மணிமொழிக்குப் பத்து வயதுதான் ஆகிறது. அவள் உடம்பு அதை இன்னும் மறக்காமல் இருக்கலாம் இல்லையா? பல் முளைக்கும்போது காய்ச்சலில் கிடந்து அழுதாள். இதுவும் அப்படி ஒரு வலியாக இருக்கலாம்.

பதிலை நான் வேலை பார்க்கும் பள்ளி முகவரிக்கு எழுது. ஆமாம் என்றாலும் எழுது, இல்லை என்றாலும் எழுது. ஆனால் யோசித்து எழுது.

அக்கா
புஷ்பவல்லி

⁂

புனே
18 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி யோசித்துதான் எழுதுகிறேன். போனில் கேட்டிருந்தால் உன் குரலுக்காக ஏதாவது மழுப்பியிருப்பேன்.

அது கால் இல்லை அக்கா. பிள்ளைகளுக்குக் கால் எலும்பை நடுவில் வெட்ட நேர்ந்தால் இப்படி ஆவது உண்டு. வெட்டிய முனையில் புது எலும்பு படிந்து படிந்து கூராக நீளும். தோலும் சதையும் அதோடு சேர்ந்து வளராது. அதனால் உள்ளிருந்து குத்தும். விட்டுவிட்டால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அது முளைக்கிற வலி இல்லை. தயவுசெய்து இந்த வாரமே புதுச்சேரிக்குக் கூட்டிப் போ. காலை எடுத்த டாக்டரிடமே காட்டு. அத்தானிடம் சொல்.

விரல் நுனி பற்றி நான் சொன்னது நிஜம். ஆனால் அது நகத்தை ஒட்டிய நுனி மட்டும்தான். அதற்குக் கீழே மனித உடம்புக்கு அந்த வித்தை தெரியாது.

தவளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ அரைகுறையாக வைத்துக்கொண்டு தவிப்பதைவிட அது நல்லது. தலைப்பிரட்டையாக இருக்கும்போது காலை எடுத்தால் திரும்ப முளைக்கும். வளர்ந்த தவளைக்கு அது முடியாது. சும்மா விட்டால் வெட்டிய இடத்தில் ஊசிமுனை மாதிரி குருத்தெலும்பு ஒன்று நீளும். விரல் கிடையாது, மூட்டு கிடையாது. வளர்கிறது என்பதனாலேயே அது காலாகிவிடாது. அந்த ஊசிக்குப் பதிலாகக் காலை வரவழைக்க முடியுமா என்பதுதான் எங்கள் வேலை. தவளையை மயக்கி, காலை எடுத்த கையோடு சிலிகானில் செய்த சின்ன மூடி ஒன்றை அதன் மேல் பொருத்துவோம். மூடிக்குள் பட்டுப்பூச்சிக் கூட்டிலிருந்து எடுத்த புரதத்தால் செய்த ஜெல் இருக்கும். அதில் சில மருந்துகள் கலந்திருக்கும். ஒரு நாள் மட்டும் வைத்திருந்து கழற்றிவிடுவோம். காயம் அவசரமாகத் தழும்பாக மூடிக்கொள்ளாமல் அது தடுக்கிறது. உடம்புக்குப் பழைய வழி நினைவு வர கொஞ்சம் அவகாசம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புது வெட்டின் மேல்தான் மூடியை வைக்க முடியும். ஆறிய புண்ணில் வைத்துப் பயனில்லை.

மணிமொழியின் காலில் வளர்வது எங்கள் தொட்டியில் நான் பார்க்கிற அந்த ஊசிதான். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே சொல்.

புவனா

⁂

நெய்வேலி
5 பிப்ரவரி 2024

அன்புள்ள புவனா,

புதுச்சேரிக்குப் போய் வந்தோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். நீ எழுதிய அதே வார்த்தைகளை டாக்டரும் சொன்னார். நீங்கள் எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள் போலிருக்கிறது. “முனையைக் கொஞ்சம் வெட்டி எடுக்கணும்மா. தள்ளிப்போடாதீங்க” என்றார். மார்ச் முதல் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார். உன் அத்தான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுவதுதான் இப்போது அவருக்கு வேலை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மணிமொழி பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. துக்கத்தால் இல்லை. உன் கடிதத்தில் ஒரு வரி எனக்கு நினைவு வந்துவிட்டது. அதை அப்படியே எழுதுகிறேன். “புது வெட்டின் மேல்தான் மூடியை வைக்க முடியும். ஆறிய புண்ணில் வைத்துப் பயனில்லை.”

இப்போது புது வெட்டு வரப்போகிறது புவனா. நாம் கேட்காமலே வருகிறது. எப்படியும் வெட்டத்தான் போகிறார்கள். விபத்து நடந்த அன்று நமக்கு எதுவும் தெரியாது, ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது தேதி தெரியும், இடம் தெரியும், செய்யத் தெரிந்தவள் என் கூடப் பிறந்தவள். அந்த மூடியைப் பெரிதாகச் செய்து எடுத்து வா. ஒரே ஒரு நாள் வைத்திருந்தால் போதும் என்று நீயே எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் நான் பேசுகிறேன், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். வேலை செய்யாவிட்டால் போகட்டும். அவளுக்கு இப்போது இருப்பதைவிடக் குறைவாக என்ன ஆகிவிடப்போகிறது?

நான் புத்தி பேதலித்து எழுதவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளி ஆயா தனகோட்டி இப்போதுதான் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். “இன்னா டீச்சர், ரொம்ப நாளு கழிச்சி மொகம் தெளிஞ்சிகினு கீது” என்றாள். அவளுக்கே தெரிகிறது.

உன் சம்மதத்துக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா

⁂

புனே
12 பிப்ரவரி 2024

அக்கா,

நான் கொண்டு வர மாட்டேன்.

முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் நடுவில் எங்காவது நீ ஒரு நூலைப் பிடித்துக்கொள்வாய்.

தவளை தண்ணீரில் கிடக்கும் பிராணி, குளிர்ந்த ரத்தம். அதன் காயம் வேறு, நம் காயம் வேறு. அந்த மருந்துகளை இந்த விதமாக ஒரு மனிதக் காயத்தில் யாரும் வைத்ததில்லை. எலியில் என்ன ஆகும் என்பதையே இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். வளரச் சொல்லிக் கொடுக்கிற மருந்து, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கட்டியாக வளர்த்துவிட்டால்? மூடிக்குள் சீழ் கட்டினால்? இப்போது இருப்பதைவிடக் குறைவாக என்ன ஆகும் என்று கேட்டாய். அவளுக்கு முழங்கால் இருக்கிறது அக்கா. செயற்கைக் கால் போட்டவர்களைக் கேட்டுப் பார், முழங்கால் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்வார்கள். அதையும் இழக்கலாம். உயிரும் இருக்கிறது.

நீ பார்த்த வீடியோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அந்தத் தவளைக்குக் கால் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. வந்த விரல்கள் முழு விரல்கள் இல்லை, நுனியில் எலும்பு கிடையாது. ஆனாலும் தொட்டால் இழுத்துக்கொள்ளும், நீந்தும். எங்களிடம் இருந்ததிலேயே நன்றாக வந்த கால் அதுதான். உள்ளே நரம்பு ஓடியிருக்கிறதா, ரத்தக் குழாய் போயிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் காலை எடுத்து மெல்லிய துண்டுகளாக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்காகக் கொன்றோம். நான்தான் செய்தேன். கால் வராத தவளை ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அன்றே கொன்றேன். எங்கள் வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு குழந்தையின் பக்கத்தில் வர அதற்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ, வருமோ வராதோ, எனக்குத் தெரியாது.

உனக்கு வந்த யோசனை எனக்கு வராமல் இருந்திருக்கும் என்று நினைக்காதே. உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கே வந்தது. மூடியை அவள் காலுக்குத் தக்கபடி எவ்வளவு பெரிதாக வார்க்க வேண்டும் என்றுகூட மனதுக்குள் கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷனை நடக்க விடு. நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன், கூட இருக்கிறேன். என்னால் கொண்டு வர முடிந்தது அவ்வளவுதான்.

புவனா

⁂

நெய்வேலி
20 பிப்ரவரி 2024

புவனாவுக்கு,

தவளைக்குச் செய்வாய். என் பிள்ளைக்குச் செய்ய மாட்டாய்.

நீ கையை வீசிக்கொண்டு வந்து கூட இருப்பதால் எனக்கு என்ன ஆகப்போகிறது? கூட இருக்க இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். விபத்து நடந்தபோதும் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க வந்து கூட இருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அந்தத் தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டரே தள்ளிவைத்திருக்கிறார் என்று உன் அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். வளர்கிற ஒன்றை வெட்டக் கொடுக்க எனக்கு மனமில்லை. அது ஊசியோ காலோ, என் பிள்ளையின் உடம்பில் வளர்கிறது. கொஞ்ச நாள் வளரட்டும், பார்க்கிறேன். நீ படித்தவள், உனக்கு எல்லாம் தெரியும். எனக்குத் தெரிந்தது தினமும் என் கையில் தட்டுப்படுகிறது.

இனி எழுத வேண்டாம்.

புஷ்பவல்லி

⁂

புனே
12 மார்ச் 2024

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். போன் செய்தால் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து அவருக்குப் போன் செய்யப் போகிறேன். டாக்டர் தள்ளிவைக்கவில்லை, நீதான் வேண்டாம் என்றாய் என்று சொல்வேன். உன் முதுகுக்குப் பின்னால் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கடிதம் அதற்கு முன் உன் கையில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். அதற்குள் நீயே அவரிடம் சொல்லிவிட்டால் நான் போன் செய்ய வேண்டியிருக்காது.

தவளைக்குச் செய்கிறேன், ஆமாம். தவளை செத்தால் பதிவேட்டில் அதன் எண்ணை அடித்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போகிறேன். அதனால்தான் அதை மணிமொழிக்குச் செய்ய முடியாது. இதை உனக்குப் புரியவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதற்காக நீ என்னோடு வாழ்நாள் முழுவதும் பேசாமல் இருந்தாலும் சரி. அம்மா போன பிறகு எனக்கு இருப்பது நீ ஒருத்திதான் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

புவனா

⁂

புனே
9 ஏப்ரல் 2024

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மணிமொழிக்குக் காய்ச்சல் முழுவதும் விட்டுவிட்டது என்று அத்தான் மெசேஜ் அனுப்பினார். மருந்தை நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை நாளும் நீ என் பக்கம் திரும்பவில்லை. நான் வாங்கி வந்த இட்லியை, உனக்கு ஒத்தாசைக்கு வந்திருந்த தனகோட்டியிடம் கொடுத்து அனுப்பினேன், சாப்பிட்டாயா என்றுகூடத் தெரியாது. கோபமாக எழுதவில்லை. நீ வார்டுக்குள்ளும் நான் வராந்தாவிலுமாக இருந்தோம், அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

மணிமொழியோடு சிறிது நேரம் பேசினேன், நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது. “சித்தி, அந்தத் தவளைக்கு வலிக்குமா?” என்று கேட்டாள். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வோம் என்றேன். எனக்கும் கொடுத்தாங்க, ஆனா முழிச்ச பிறகு வலிச்சுது என்றாள். முழித்த பிறகும் மருந்து கொடுப்போம் என்றேன்.

பதில் எழுதத் தோன்றினால் எழுது.

புவனா

⁂

நெய்வேலி
16 ஜூன் 2024

அன்புள்ள புவனா,

பள்ளி திறந்துவிட்டது. மணிமொழி ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். இன்னும் செயற்கைக் கால் போடவில்லை, புண் நன்றாக ஆறட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊன்றுகோலோடு போகிறாள். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உன் மேல் கோபம் மட்டும் இல்லை. நடந்ததை எழுதாமல் உனக்கு எதையும் எழுத முடியாது என்று தெரிந்தது. அதை எழுதத்தான் பயம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வதற்குள் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். கைப்பையிலேயே வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை நான் அடுப்படியில் இருந்தேன். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். குளியலறையிலிருந்து மணிமொழி கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை புவனா. “அப்பா, இங்க வாங்களேன்” என்றாள். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. அவர் போனார். பின்னாலேயே நானும் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா. அம்மா இப்பதான் கொஞ்சம் சந்தோஷமா இருக்காங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. அன்றைக்கு வந்தது இல்லை. நாலைந்து நாளாகவே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. பழைய துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்திருக்கிறாள். நான் தொட்டுப் பார்க்க வரும்போதெல்லாம் தூக்கம் வருகிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன். அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கால் முளைக்கிறது என்று சொன்னதே இல்லை. ஆனால் எண்ணெய் தேய்க்கும்போது என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அதை வைத்தே எல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

உடம்பு கொதித்தது. அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிளாக் முனையில் கார் பிடித்து புதுச்சேரி போய்ச் சேர்ந்தோம். கிருமி எலும்புக்குள் போய்விட்டது, அன்றைக்கே செய்ய வேண்டும் என்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் செய்திருந்தால் முனையைச் சீவி எடுத்தால் போதும். இப்போது நிறைய எடுக்க வேண்டும், முழங்காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம், உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டினார்கள். உன் அத்தான் பேனாவை வாங்கி என் பக்கம் நீட்டினார். “நீயே போடு புஷ்பா. நான் போட்டேன்னா இதுவும் என் தலையிலதான் வந்து சேரும்” என்றார். விபத்து நடந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் நியாயம் அதுதான். அவரை நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலே எல்லாம் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அவரிடமும், பிள்ளையிடமும்.

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். என்னால் முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “எனக்கு வளர வேண்டாம்மா. வெட்டச் சொல்லு” என்றாள்.

போட்டேன்.

முழங்கால் தப்பிவிட்டது. அதற்குக் கீழே மிச்சம் கொஞ்சம்தான். செயற்கைக் கால் நிற்க அது போதுமா என்று ஆறிய பிறகுதான் தெரியும். அவர் போன் செய்ததும் நீ மறுநாளே வந்தாய். உன்னைப் பார்க்காமல் இருந்தேன் என்று எழுதியிருந்தாய். நீ வராந்தாவில் வந்து நின்றது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் உன் கையில் அந்த மூடி இருக்கிறதா என்று கண் தேடிவிடும். அத்தனையும் நடந்த பிறகும் தேடும். அந்தப் பயத்தில்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இட்லியைச் சாப்பிட்டேன். தனகோட்டி ஊட்டாத குறையாக உட்கார்ந்து சாப்பிட வைத்தாள். “தங்கச்சி அவ்ளோ தொலைவுலேர்ந்து வந்துகினு கீது, ஒரு பேச்சு பேசேன் டீச்சர்” என்று அவளும் சொல்லிப் பார்த்தாள்.

அக்கா

⁂

புனே
28 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு லேபுக்குப் போகாமல் அறையிலேயே இருந்துவிட்டேன். மறுநாள் போனேன். போகத்தானே வேண்டும்.

உன்னைத் தேற்ற எதுவும் எழுதப் போவதில்லை. எழுதினால் நீ கிழித்துப் போடுவாய். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். டாக்டர் அடுத்ததைப் பற்றிச் சொன்னாரா? அத்தானிடம் சொன்னதாகத் தெரிகிறது, உனக்கு அவர் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டு மறுபடியும் உன்னைத் தனியாகக் கண்டுபிடிக்க விடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். இந்த எலும்பு திரும்பவும் வரலாம். அவள் உடம்பு வளர்கிற வரைக்கும், பதினைந்து பதினாறு வயது வரைக்கும், வந்துகொண்டே இருக்கலாம். வந்தால் திரும்ப எடுக்க வேண்டும். வராமலும் போகலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. இதில் யார் செய்த தப்பும் இல்லை. நீ தேதியைத் தள்ளாமல் இருந்திருந்தாலும் இது இருந்திருக்கும்.

இங்கே புது வேலை தொடங்கியிருக்கிறோம். ஆறிப்போன காயத்தின் தழும்பை நீக்கிவிட்டு மூடியை வைத்தால் தவளைக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறோம். யாருக்காக இதைக் கேட்டு வாங்கினேன் என்று லேபில் யாரிடமும் சொல்லவில்லை. இதுவரை ஒன்றும் வளரவில்லை. உன்னிடம் இதைச் சொல்லலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சொல்லாமல் வைத்திருந்தாலும் நீ என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாய். தயவுசெய்து இதைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காதே.

புவனா

⁂

நெய்வேலி
27 ஜனவரி 2025

அன்புள்ள புவனா,

இடையில் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம், மணிமொழியும் உன்னோடு வாயடிக்கிறாள். ஆனாலும் இதைப் போனில் சொல்ல வரவில்லை.

புதிய செயற்கைக் காலோடு நடக்கப் பழகிவிட்டாள் என்று உனக்குத் தெரியும். மிச்சம் கொஞ்சமாக இருப்பதால் கால் நழுவாமல் இருக்கத் தொடையில் பெல்ட் போட்டுக் கட்டுகிறோம். வெள்ளிக்கிழமை வாரச் சந்தைக்கு என்னோடு வந்தாள். உன் அத்தான் வண்டியில் கூட்டிப் போனார். மூன்று பேரும்தான் போனோம். விபத்துக்குப் பிறகு நான் அதில் ஏறியது இதுதான் முதல் தடவை. அவர் ரொம்ப மெதுவாக ஓட்டினார், சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

போன முறை எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இந்த மாதம் எடுத்ததில் முனையில் மெல்லிசாக ஒரு நிழல் தெரிகிறது. டாக்டர் விரலை வைத்துக் காட்டினார். இப்போதே ஒன்றும் செய்ய வேண்டாம், ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் பார்த்துக்கொள்வோம் என்றார். இந்த முறை நான் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மணிமொழியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் கேட்டேன். அவளுக்குத் தெரியாமல் அவள் காலைப் பற்றி இனி எதுவும் இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சரி என்றாள். வெளியே வந்து ஐஸ்கிரீம் கேட்டாள்.

நீ ஏப்ரலில் வா. வராந்தாவில் நிற்க வேண்டாம். என் பக்கத்தில் உட்கார்.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கிறேனே தவிர காத்திருக்கவில்லை. தழும்பை நீக்கிவிட்டு மூடி வைத்த அந்தத் தவளைகளுக்கு ஏதாவது ஆயிற்றா? இல்லை என்றால் எழுத வேண்டாம், நீ எழுதாவிட்டால் இல்லை என்று புரிந்துகொள்கிறேன்.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பி நின்றவளைப் பார்த்தேன். யூனிஃபார்ம் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. ஜூனில் தைத்தபோது தரையில் புரண்ட பாவாடை. இடுப்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. நல்ல கால் நீண்டுவிட்டது, செயற்கைக் கால் அதே அளவில் இருக்கிறது. பாவாடையைக் கழற்றித் தரச் சொல்லி, விளிம்பில் மடித்துத் தைத்திருந்ததைப் பிரிக்க உட்கார்ந்தேன். பள்ளியில் மற்ற தாய்மார்கள் போன வருஷத்துச் சட்டை இந்த வருஷம் போதவில்லை என்று எவ்வளவு பெருமையாகச் சலித்துக்கொள்கிறார்கள். நான் ஊசியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் மெதுவாக வளரேன் என்று அவளிடம் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா?

இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்றாள். முன்னாலும் பின்னாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அம்மா, நான் உன் தோள் வரைக்கும் வந்துட்டேன் பாரு” என்றாள். பக்கத்தில் வந்து நின்று உள்ளங்கையைத் தன் தலை மேல் வைத்து, அப்படியே என் தோள் வரைக்கும் நகர்த்திக் காட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஆமாடி, நல்லா வளர்ந்துட்ட என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் நானும் சிரித்தேன்.

அக்கா